மடிக்கணினிக்குப் புதிய டிஸ்க்: வாசலின் அகலமும் வரும் சரக்கும்

நம் வியாபார அன்பர்களில் பேரேடும் சிட்டையும் வைத்துக் கணக்கெழுதுவோர் இன்று சொற்பமே. கடன் பட்டியல், கொள்முதல் பில், சரக்கிருப்பு யாவும் மடிக்கணினிக்குள் போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஏழெட்டு வருஷம் உழைத்த பெட்டியோ, காலையில் கடை திறந்து பொத்தானை அமுக்கினால், ஒரு கிளாஸ் தேத்தண்ணீர் குடித்து முடியும் மட்டும் கண் விழிப்பதில்லை. "டிஸ்க்கை மாற்றுங்கள், முதலாளி" என்கிறார் ஒருவர். "பெட்டியையே மாற்றுங்கள்" என்கிறார் மற்றொருவர். இருவருமே ஏதோ ஓர் எண்ணைக் காட்டித்தான் பேசுகிறார்கள். அந்த எண் எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு பணப்பெட்டியைத் திறப்பது நல்லது. நாம் பொறியியல் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அல்லர். ஆயினும் நிறுவையும் அளவையும் அறிந்தவர்கள். இவ்விஷயத்துக்கு அது போதும்.

டிஸ்க் என்பது கிட்டங்கி. அதையும் கணினியின் மற்றப் பாகங்களையும் சேர்க்கும் இணைப்பு, கிட்டங்கியின் வாசல். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் எண் பெரும்பாலும் வாசலின் அகலமே. வாசல் எத்தனை அகலமானாலும், உள்ளே மூட்டை தூக்குகிறவர் ஒருவரே என்றால், லாரி காத்துத்தான் நிற்கும்.

மடிக்கணினிகளில் பல காலமாக இருந்துவரும் வாசலுக்குச் சாட்டா என்று பெயர். 2003-ல் வந்த முதல் சாட்டாவின் வேகம் வினாடிக்கு 1.5 கிகாபிட். 2004-ல் 3 ஆயிற்று. 2009-ல் 6 ஆயிற்று. இங்கே கிகாபிட் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் கோப்புகளை நாம் அளப்பது பைட் கணக்கில். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். அப்படியானால் 6 கிகாபிட் என்பது 750 மெகாபைட் அல்லவா என்று கேட்கலாம். அல்ல. சாட்டாவில் 8 பிட் சரக்கை அனுப்ப 10 பிட் போகிறது. மூட்டையை நிறுத்துச் சாக்கின் எடையைக் கழிப்பதுபோல் இதையும் கழித்தால், மூன்று வாசல்களின் நிகர அளவு வினாடிக்கு 150, 300, 600 மெகாபைட் என்று நிற்கும்.

இனி உள்ளே இருக்கும் ஆளைப் பார்ப்போம். மடிக்கணினியில் வரும் சாதாரண ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றுகிறது. ஒரே பெரிய கோப்பை வரிசையாக வாசித்தால் வினாடிக்குச் சுமார் 100 மெகாபைட் தரும். ஆக, முதல் வாசலான 150-ஐயே அது நிரப்பவில்லை. அதற்கு 600 வாசல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

இதைவிட முக்கியமானது சில்லறை வேலை. கணினி விழிக்கும்போதும், கணக்குப் புரோகிராம் திறக்கும்போதும் அது ஒரே மூட்டையைக் கேட்பதில்லை. ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை அங்குமிங்குமிருந்து கேட்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஹார்ட் டிஸ்க்கின் கை நகர்ந்து போக ஏறத்தாழ 12 மில்லிவினாடி, தகடு சுற்றி வருவதற்குச் சராசரி ஐந்தரை மில்லிவினாடி. கூட்டிப் பார்த்தால் வினாடிக்கு அறுபது துண்டுக்குக் கொஞ்சம் குறைவாகவே எடுக்க முடியும். துண்டு ஒன்று 4 கிலோபைட் என்றால் வினாடிக்குக் கால் மெகாபைட் கூட வரவில்லை! தேத்தண்ணீர் ஆறிப் போவதன் காரணம் இதுவே, வாசல் அன்று.

எஸ்.எஸ்.டி. என்பதில் சுற்றும் தகடுமில்லை, நகரும் கையுமில்லை. அதே சிறு துண்டுகளை வினாடிக்கு ஆயிரக்கணக்கில் எடுத்துத் தரும். ஆகவே 1.5 கிகாபிட் வாசலுள்ள கிழட்டு மடிக்கணினியில் போட்டாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். "உங்கள் பெட்டியின் வாசல் பழசு, எஸ்.எஸ்.டி. போடுவது வீண்" என்று யாராவது சொன்னால் அதைக் கேட்க வேண்டியதில்லை. 6 கிகாபிட் எஸ்.எஸ்.டி. சிறிய சாட்டா வாசலிலும் பொதுவாக ஒத்துப்போகும்; வேகத்தை மட்டும் வாசலுக்குத் தகக் குறைத்துக்கொள்ளும்.

வாசலின் அகலத்தை யந்திரத்தின் உள்மென்பொருளும் தீர்மானிக்கலாம். 2009 ஜூனில் வந்த ஆப்பிள் மேக்புக் ப்ரோ மாடல்களில் இணைப்பு 1.5 கிகாபிட்டில் நிற்பதை வாங்கியவர்கள் கண்டார்கள். அதே மாதத்தில் அந்நிறுவனம் ஒரு மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. வாசல் 3-க்குத் திறந்தது. ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தவர் இரண்டுக்கும் பேதம் உணர்ந்திருக்க மாட்டார். எஸ்.எஸ்.டி. போட்டவருக்கே அது நஷ்டமாக இருந்தது.

நம் பெட்டியின் வாசலை அறிய, விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராம் உண்டு. அதில் சாட்டா/300, சாட்டா/600 என்று இரண்டு எண்கள் வரும். முதலாவது இப்போது ஓடும் வேகம், அடுத்தது டிஸ்க்கின் சக்தி.

நிற்க. புதிய மடிக்கணினிகளில் எம்.2 என்னும் சிறிய பட்டை வடிவம் வந்திருக்கிறது. பணம் வீணாவது இங்கேதான் அதிகம். எம்.2 என்பது உருவத்தின் பெயர், வேகத்தின் பெயரல்ல. பார்வைக்கு ஒரே மாதிரியான இரண்டு பட்டைகளில் ஒன்று சாட்டா வழியாகவும், மற்றொன்று என்.வி.எம்.இ. என்ற முறையில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வழியாகவும் பேசும். பின்னது, மூன்றாம் தலைமுறை வாசலில் நான்கு பாதைகள் கிடைத்தால், வினாடிக்கு 3,500 மெகாபைட் வரை போகக்கூடியது. ஆனால் சாட்டா மட்டுமே அறிந்த துளையில் இதைச் செருகினால், 3,500 அன்று, ஒன்றுமே வராது. மாற்றிச் செருகினாலும் அப்படியே. சில துளைகள் இரண்டையும் ஏற்கும். ஆகையால் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரித்தவரின் கையேட்டைப் பார்த்த பிறகே லோ யாட் பிளாசாவுக்கோ சிம் லிம் ஸ்குவேருக்கோ கிளம்ப வேண்டும். நீளத்தையும் பார்க்க வேண்டும்: 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். பழைய இரண்டரை அங்குல வகையில் 7 மில்லிமீட்டர் தடிப்பும் உண்டு, 9.5-ம் உண்டு. மெல்லிய சில பெட்டிகளில் டிஸ்க்கைப் பலகையோடு பற்றவைத்தே விடுகிறார்கள். அவற்றில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை.

3,500 வேண்டுமா என்பது வேறு கேள்வி. பில் போடுவதற்கும் பாக்கி பார்ப்பதற்கும் சாட்டா எஸ்.எஸ்.டி.யே தாராளம். விலை சமமாக இருந்து துளையும் ஏற்குமானால் பெரியதை வாங்கலாம். அதற்கென்று பெட்டியை மாற்ற நாம் சொல்ல மாட்டோம். பெட்டியை மாற்ற நியாயமான காரணம் வேறொன்று உண்டு. விண்டோஸ் 10-க்கான சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதி பழைய பிராசசருக்கு இல்லையென்றால், டிஸ்க் மாற்றி அக்குறை தீராது. முதலில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்றுவதற்கு முந்திய நாள் கணக்குகளை இரண்டு இடங்களில் பிரதி எடுக்க வேண்டும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். கழற்றிய டிஸ்க்கைப் பழுது பார்ப்பவரிடம் விட்டுவரக் கூடாது. வாடிக்கையாளர் பாக்கியும் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கின்றன. அவை நம்மிடம் அமானிதம். ஒரு மாதம் வைத்திருந்து, புதியது ஒழுங்காக ஓடுவதைக் கண்டபின், அதை யூ.எஸ்.பி. கூடு ஒன்றில் போட்டு வாராந்தரப் பிரதிக்கு வைத்துக்கொள்ளலாம். பழைய யூ.எஸ்.பி. 2.0 வாசலில் வினாடிக்கு 40 மெகாபைட்டுக்கு மேல் போவது அரிது. 60 கிகாபைட் கணக்கும் படங்களும் நகர 25 நிமிஷம் பிடிக்கும். கல்லாவை எண்ணத் தொடங்கும்போதே அதையும் ஓடவிட்டால் கடை சாத்துவதற்குள் முடிந்திருக்கும்.