புழு கோழிக்குள் மட்டும் இல்லை

மேருவில் வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்ப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ரெபான் மண் காய்ஞ்சிருக்கா?" என்றுதான். மருந்துப் பேச்செல்லாம் பிறகு. கிள்ளான் வட்டாரக் களிமண்ணில் மழைத் தண்ணீர் சீக்கிரம் வடியாது. எச்சத்தோடு விழும் உருளைப்புழு முட்டை, இந்த ஈரச் சூட்டில் இரண்டு வாரம் போலக் கிடந்தால் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு மாதக்கணக்கில் மண்ணில் உயிரோடு இருக்கும். கோழி கிளறித் தின்றால் குடலுக்குள் போய், 5 முதல் 8 வாரத்தில் வளர்ந்து தானும் முட்டையிடத் தொடங்கும்.

2022 ஜூனில் தட்டுப்பாட்டால் மலேசிய அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்தியது நினைவிருக்கும். அந்தத் தட்டுப்பாட்டு நேரத்தில் எங்கள் தாமானில் சிலர் முட்டைக் கோழி வளர்க்க ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் அப்படித்தான். ஒருநாள் கையில் கிண்ணத்தோடு வேலியோரம் வந்து, "தம்பி, இதக் கொஞ்சம் பாரு" என்றார். உடைத்து ஊற்றிய வெள்ளைக்கருவில், வெந்த சேமியா போல ஒரு புழு சுருண்டு கிடந்தது. அபூர்வம்தான், ஆனால் நடக்கும். குடலில் புழு மிகுந்தால், ஒன்றிரண்டு எச்சத் துவாரம் வழியாக முட்டைக் குழாய்க்குள் ஏறி, ஓடு மூடுமுன் முட்டைக்குள் சிக்கிவிடும். கோழியின் இந்தப் புழு மனிதருக்குத் தொற்றாது. ஆனால் அந்தக் கோழியின் வயிற்றில் இன்னும் நிறைய இருக்கும் என்று அர்த்தம்.

முட்டையில் புழு தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். இருட்டி, கோழிகள் அடைந்த பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கி மார்பெலும்பைத் தடவிப் பாருங்கள். இருபக்கமும் சதை வற்றி எலும்பு விளிம்பு கையில் இடறினால், கொண்டை வெளிறியிருந்தால், முட்டை குறைந்திருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் செள் கடித்தாலும் கொண்டை வெளிறும். குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தால் பெரும்பாலும் ரத்தக்கழிச்சல் நோய். அதற்குப் புழு மருந்து கேட்காது. அதனால் நான்கைந்து கோழிகளின் புது எச்சத்தைக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்துச் சோதிப்பதே சரி. செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையிலும் விசாரிக்கலாம்.

எந்தப் புழு என்று தெரிந்தால்தான் மருந்து தெரியும். பைப்பரசின் வளர்ந்த உருளைப்புழுவை வெளியேற்றும். முடிப்புழுவுக்கும் நாடாப்புழுவுக்கும் அதை நம்ப முடியாது. ஃபென்பெண்டசோல் உருளைப்புழுவோடு பெருங்குடல் முனைப்பைகளில் இருக்கும் சிறு புழுவையும் கொல்லும். கோழிக்கென்று குடிநீரில் கலக்கத் தயாரித்த வகையில், கிலோ எடைக்கு ஒரு மில்லிகிராம் வீதம் தொடர்ந்து 5 நாள். 1.5 கிலோ கோழி 10 என்றால் நாளொன்றுக்கு மொத்தம் 15 மில்லிகிராம். ஆட்டுக்கு வாங்கிய பொடியைத் தண்ணீரில் போட்டால் அடியில் படியும். ஒரு கோழிக்கு மிகையாகவும் இன்னொன்றுக்கு ஒன்றுமே இல்லாமலும் போகும். அந்த 5 நாளும் மருந்துத் தண்ணீரை மட்டுமே குடிக்கும்படி, மழைத் தண்ணீர் தேங்கிய சட்டி, வாளி எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள்.

முட்டையைச் சாப்பிடலாமா என்பதற்கு மருந்தின் பெயர் மட்டும் பதில் ஆகாது. முட்டைக் கோழிக்கு அனுமதி உண்டா, எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்று லேபிளில் இருக்க வேண்டும். லெவாமிசோல் என்ற புழு மருந்தை முட்டைக் கோழிக்குக் கொடுக்க ஐரோப்பாவில் அனுமதியே இல்லை. லேபிளில் எதுவும் எழுதாத மருந்து கொடுத்திருந்தால், மருத்துவர் சொல்லும்வரை அந்த முட்டை பிள்ளைகள் தட்டுக்குப் போகக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது.

பூண்டையும் பப்பாளி விதையையும் மட்டும் நம்பி, மெலிந்த கோழியை வைத்துக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். வைட்டமின் ஏ-வுக்காக முருங்கைக்கீரை தாராளமாகப் போடலாம். அது குறைந்த கோழியை உருளைப்புழு கடுமையாகத் தாக்கும்.

மருந்து கொடுக்கும் நாட்களிலேயே தரையையும் கவனியுங்கள். கிருமிநாசினி தெளித்தால் புழு முட்டை அவ்வளவு எளிதில் சாகாது. வெயிலும் வறட்சியும்தான் கொல்லும். ஈரமான மரத்தூளை அள்ளிவிட்டுக் காய்ந்ததைக் கொட்டுங்கள், கூரைத் தண்ணீர் ரெபானுக்குள் விழாமல் திருப்புங்கள், தண்ணீர்ப் பாத்திரத்தைச் செங்கல் மேல் ஏற்றுங்கள். இடம் இருந்தால் வேலியை மாற்றிக் கட்டிப் பழைய மண்ணை வெயிலில் விடலாம். குஞ்சுகளைப் பெரிய கோழிகள் கிளறிய மண்ணில் விடாதீர்கள். இளசுகளுக்குத்தான் பாதிப்பு அதிகம்.

மருந்து முடிந்து 10, 14 நாளில் எச்சத்தை மறுபடி சோதிக்கக் கொடுங்கள். புழு முட்டை குறையவில்லை என்றால், அளவு போதவில்லையா, மருந்துக்குப் புழு பழகிவிட்டதா என்று மருத்துவர் பார்த்து மருந்தை மாற்றுவார்.