பெயர்ப்பலகை மாறும்போது

டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளும் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் உள்ளன. அத்தகைய குடியிருப்பில் வாழும் குடும்பத்திற்கு இடமாற்ற ஆணை வெறும் தாள் அன்று. பிள்ளையின் படிப்பு, முதியோரின் மருத்துவம், குடியிருக்கும் வீடு ஆகிய அனைத்தும் அதனோடு அசைகின்றன. நிறுவனம் தன் அமைப்பை மாற்ற முற்படும்போது ஊழியர் மனத்தில் எழுவனவும் இத்தகைய கேள்விகளே. அவற்றை ‘எதிர்ப்பு’ என்று ஒதுக்கிவிடும் நிர்வாகம் பின்னர் அதற்கு விலை கொடுக்க நேர்கிறது.

வங்கித் துறையே இதற்குச் சான்று. 1993 செப்டம்பரில் நியூ பாங்க் ஆஃப் இந்தியா, பஞ்சாப் நேஷனல் வங்கியுடன் இணைக்கப்பட்டது. தேசியமயமாக்கப்பட்ட இரு வங்கிகள் ஒன்றானது அதுவே முதன்முறை. இணைந்து வந்தவர்களைப் பணிமூப்பு வரிசையில் எங்கு வைப்பது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஏட்டளவில் பணிமூப்பு ஓர் எண். ஊழியருக்கோ அது தாம் உழைத்த ஆண்டுகளுக்கு நிறுவனம் தரும் மதிப்பு.

2019 ஆகஸ்ட் 30 அன்று, பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக இணையும் என்று அறிவிக்கப்பட்டது. எவரும் வேலை இழக்கமாட்டார் என நிதியமைச்சர் உறுதி கூறினார். ஆயினும் சங்கங்களின் எதிர்ப்பு ஓயவில்லை. வேலை பற்றிய அச்சத்திற்கு விடை கிடைத்தது; பெயரை இழப்பதன் வருத்தத்திற்குக் கிடைக்கவில்லை. 1865இல் தோன்றிய அலகாபாத் வங்கி, 1907இல் சென்னையில் பிறந்த இந்தியன் வங்கியுடன் 2020 ஏப்ரல் 1 அன்று, நாடு ஊரடங்கில் இருந்தபோது, இணைந்தது. இளைய வங்கியின் பெயரே நிலைத்தது. எனினும் புதிய பெயர்ப்பலகையில் ‘அலகாபாத்’ என்னும் சொல்லும் இடம்பெற்றது. கணினி அமைப்புகளை ஒன்றாக்கப் பல மாதங்கள் தேவைப்பட்டன. இந்த ஒரு சொல்லுக்கு ஆன செலவோ மிகச் சிறிது. அத்தகைய மரியாதையைச் சிறு செயல் என்று எண்ணுவதற்கில்லை.

தொழில் நடத்தும் நம் வாடிக்கையாளர்களுக்கும் இது அயலான செய்தி அன்று. கடையின் கணக்கைப் பேரேட்டிலிருந்து கணினிக்கு மாற்றும்போது, முப்பது ஆண்டுகளாகக் கணக்கெழுதியவர் மௌனமாகிவிடுவார். பெரும்பாலும் அவர் அஞ்சுவது கணினிக்கு அன்று. நேற்று வந்த இளைஞரிடம் பலர் முன்னிலையில் ஐயம் கேட்க நேருமே என்பதற்குத்தான். மாற்றத்தை முதலில் அவரிடம் தனியே தெரிவியுங்கள். பயிற்சியையும் தனியே அளியுங்கள். பழைய பேரேட்டின் இறுதி இருப்புகள் புதிய மென்பொருளில் சரியாக ஏறியுள்ளனவா என்று சரிபார்க்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள். எந்த வாடிக்கையாளரின் பாக்கி எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதை அறிந்தவர் அவர் ஒருவரே.