கம்ப்யூட்டரே மெட்டுப் போடும்! ஜெனரேட்டிவ் மிடி பிளக்இன் பயன்படுத்துவது எப்படி?

அக்கா மகளின் முதல் பிறந்தநாள் வீடியோவுக்குப் பின்னணி இசை போடும் வேலை என் தலையில் விழுந்தது. சினிமாப் பாட்டைச் சேர்த்தால் இணையத்தில் ஏற்றியதும் காப்புரிமை எச்சரிக்கை வந்து நிற்கும். சொந்தமாக வாசிக்கலாம் என்றால், எனக்குத் தெரிந்த ஒரே கீபோர்டு கம்ப்யூட்டர் கீபோர்டுதான். அப்போது கைகொடுத்தவை ஜெனரேட்டிவ் மிடி சீக்வென்சர் பிளக்இன்கள். விதிகளை நாம் கொடுத்தால் போதும். அந்த விதிகளுக்குள் சுரங்களைக் கம்ப்யூட்டரே தேர்ந்தெடுத்து அனுப்பும்.

முதலில் மிடி என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். 1983-இல் அறிமுகமான இந்த முறையில் ஒலி எதுவும் கிடையாது. கட்டளை மட்டுமே உண்டு. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எப்போது தொடங்கி எப்போது நிறுத்துவது என்ற தகவல்கள் எண்களாகச் செல்லும். சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள். பியானோவின் நடு சி கட்டைக்கு 60. இந்தக் கட்டளையை வாங்கி ஒலியாக மாற்றுவது சிந்தசைசர் என்ற இன்னொரு பிளக்இன். சமையல் குறிப்பும் சமையல்காரரும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தற்செயலை வைத்து இசை அமைப்பது கம்ப்யூட்டர் காலத்து யோசனை அல்ல. மொஸார்ட் இறந்த பிறகு அவர் பெயரில் ஒரு பகடை விளையாட்டு வெளியானது. இரண்டு பகடைகளை உருட்டி, விழும் எண்ணுக்கு ஏற்ப 176 துண்டுகளிலிருந்து 16 துண்டுகளை எடுத்துக் கோத்தால் ஒரு நடன இசை கிடைக்கும். அதை உண்மையில் அவர்தான் எழுதினாரா என்பது வேறு விஷயம். நம் பிளக்இனும் பகடைதான் உருட்டுகிறது, நொடிக்குப் பல முறை.

தேவையானவை மூன்று. ரீப்பர் என்ற இசைப்பதிவு சாஃப்ட்வேரை 60 நாட்கள் முழு வசதியுடன் பயன்படுத்திப் பார்க்கலாம். பிறகு லைசென்ஸ் வாங்க வேண்டும். ஸ்டோகாஸ் என்ற சீக்வென்சர் பிளக்இனும், சர்ஜ் எக்ஸ்டி என்ற சிந்தசைசரும் இலவசம். மூன்றையும் அவற்றின் அதிகாரபூர்வ தளங்களிலிருந்தே டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். ரீப்பரின் பட்டியலில் பிளக்இன் தெரியவில்லை என்றால் பிரெஃபரன்சஸ் விண்டோவில் விஎஸ்டி பகுதிக்குப் போய் ரீஸ்கேன் கொடுங்கள்.

ரீப்பரைத் திறந்து கன்ட்ரோல், டி கீகளைச் சேர்த்து இரண்டு முறை அழுத்தினால் இரண்டு டிராக்குகள் வரும். முதல் டிராக்கின் எஃப்எக்ஸ் பட்டனை அழுத்தி ஸ்டோகாஸைச் சேருங்கள். இரண்டாவதில் சர்ஜ். இப்போது முதல் டிராக்கின் ரூட் பட்டனை மவுஸால் பிடித்து இழுத்து இரண்டாவது டிராக்கின் மேல் விடுங்கள். மிடி கட்டளைகள் போகும் பாதை இதுதான். புதிதாக வருபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். பாதை போடாவிட்டால் எல்லாம் ஓடும், சத்தம் மட்டும் வராது. டெம்போவை 90 என்று மாற்றுங்கள்.

ஸ்டோகாஸில் கட்டம் கட்டமாக ஒரு பலகை தெரியும். ஒவ்வொரு வரிசையும் ஒரு சுரம். இடமிருந்து வலமாக நேரம். நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்றுக்கு 16 கட்டங்கள் வைத்தால், 90 டெம்போவில் நொடிக்கு 6 கட்டம் ஓடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அது ஒலிப்பதற்கான வாய்ப்பை நாம் கொடுக்கலாம். விஷயமே இதில்தான் இருக்கிறது.

சி, டி, இ, ஜி, ஏ ஆகிய ஐந்து சுரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் மோகன ராகத்தின் சுரங்கள் இவை. (கமகம் இல்லாததால் பாடத் தெரிந்தவர்கள் இதை மோகனம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.) பக்கத்துப் பக்கத்தில் அரைச் சுர இடைவெளி இல்லாததால் எது எதோடு சேர்ந்தாலும் காதை உறுத்தாது. முதல் கட்டத்தில் சி, ஒன்பதாவது கட்டத்தில் ஜி. இரண்டும் கட்டாயம் ஒலிக்கட்டும். மீதியில் ஏதாவது ஆறு கட்டங்களுக்கு மற்ற சுரங்களைக் கொடுத்து வாய்ப்பை 50 சதவீதமாக வையுங்கள். ஸ்பேஸ் பார் அழுத்துங்கள். ஒவ்வொரு சுற்றும் வேறு மாதிரி வரும். ஆனால் அந்த இரண்டு சுரங்கள் தூண் போல நிற்பதால் பாட்டு சிதறாது. எல்லாக் கட்டங்களுக்கும் 50 கொடுத்துப் பாருங்கள், தகரக் கூரையில் மழை பெய்வது போல் இருக்கும்.

நான் செய்த தவறு இதற்குப் பிறகு. இதே அமைப்பை இரவு பதினொரு மணிக்கு ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான்கு சுற்றுக்கு ஒரு மெட்டு வந்தது. குழந்தை தளர்நடை போடும் காட்சிக்கென்றே செய்தது போல! சரி, நிறுத்திவிட்டு சேவ் செய்யலாம் என்று நிறுத்தினேன். மறுபடி ஓடவிட்டால் அது வரவே இல்லை. பிராஜெக்டை சேவ் செய்தால் விதிகள்தான் சேமிக்கப்படும், வந்து போன சுரங்கள் சேமிக்கப்படாது என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஆறு கட்டம், ஒவ்வொன்றும் ஒலிக்கும் அல்லது ஒலிக்காது. ஆக ஒரு சுற்றுக்கு 64 வகை. நான்கு சுற்றுக்கு 64-ஐ நான்கு முறை பெருக்கினால் 1,67,77,216. இரவு பகலாக ஓடவிட்டாலும் அதே மெட்டு திரும்பி வரச் சராசரியாக 17 மாதம் ஆகும். பிறந்தநாளுக்கு நான்கு நாள்தான் இருந்தது.

எனவே கேட்பதற்கு முன்பே ரெக்கார்டு செய்யுங்கள். முதல் டிராக்கில் உள்ள சிவப்பு ரெக்கார்டு பட்டனை அழுத்தி, அதன் மேலேயே மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்து, ரெக்கார்டு அவுட்புட் என்பதில் மிடி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பின்பு கன்ட்ரோல், ஆர். அரை மணி நேரம் ஓடட்டும். மிடி என்பதால் ஹார்டு டிஸ்கில் இடம் பிடிக்காது. நிறுத்தியதும் ஸ்டோகாஸின் டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பதிவான சுரமும் புதிய சுரமும் கலந்து குழப்பும். பதிவைக் கேட்டு, பிடித்த இடத்தை வெட்டி எடுங்கள். அதை டபுள் கிளிக் செய்தால் சுரங்கள் கோடுகளாகத் தெரியும். பிடிக்காத ஒன்றிரண்டை நகர்த்தலாம், நீக்கலாம்.

வேறு சில பிளக்இன்களில் சீட் என்று ஓர் எண் கொடுக்கும் வசதி உண்டு. கம்ப்யூட்டரின் தற்செயல் பெரும்பாலும் ஒரு கணக்கிலிருந்து வருவதுதான். தொடக்க எண்ணும் விதிகளும் மாறாமல் இருந்தால் அதே வரிசை திரும்ப வரும். இந்த வசதி இருந்தால் எண்ணை எழுதி வையுங்கள். யூக்ளிடியன் என்ற வகையும் உண்டு. 8 கட்டங்களில் 3 அடிகளை முடிந்தவரை சமமாகப் பரப்பச் சொன்னால் 3, 3, 2 என்ற இடைவெளியில் தட்டும். கியூபா நாட்டு இசையில் நன்கு தெரிந்த தாளம் இது. மீப்பெரு பொதுக் காரணி கண்டுபிடிக்கப் பள்ளியில் படித்த யூக்ளிட் முறையிலேயே இப்படிப் பல நாட்டுத் தாளங்கள் கிடைக்கின்றன என்று 2005-இல் காட்ஃபிரைட் டூசன்ட் என்ற கணினி அறிவியலாளர் காட்டினார். தாளக் கருவிகளுக்கு இந்த வகையை முயன்று பாருங்கள்.

கடைசியாக ஃபைல் மெனுவில் ரெண்டர் கொடுத்து வேவ் ஃபைலாக மாற்றி வீடியோவில் சேருங்கள். நான் இரண்டாம் முறை அரை மணி நேரம் பதிவு செய்ததில் ஒன்றரை நிமிடம் தேறியது. பழைய மெட்டு அளவுக்கு இல்லை. அக்காவிடம் போட்டுக் காட்டினேன். "கோயில் மணி மாதிரி இருக்குடா, ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றாள்.