சரிவில் ஓடும் மரக்கார்

பிள்ளைகளே, இயந்திரமோ தள்ளுவாரோ இன்றி ஒரு கார் ஓடுமா? சரிவில் வைத்தால் ஓடும்.

1953-ம் ஆண்டு, அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், டான் மர்ஃபி என்ற சாரணர் தலைவர் இப்பந்தயத்தை ஆரம்பித்தார். சிறுவர் ஏறி ஓட்டும் சரிவு வண்டிப் பந்தயத்தில் சேர அவர் மகனுக்கு வயது போதவில்லை. ஆகவே தகப்பனும் மகனும் சேர்ந்து செய்யும் சிறு மரக்காரை ஏற்படுத்தினார். அதன் எடை 5 அவுன்ஸ், அதாவது சுமார் 142 கிராமுக்கு மிஞ்சக்கூடாது.

அந்த அளவை முழுவதும் நிரப்புங்கள். பாரம் குறைந்த காரைக் காற்று எளிதில் தடுத்துவிடும். நம் கோவைப் பட்டறைகளில் கழித்துப்போடும் நட்டும் போல்ட்டுமே இதற்குப் போதும். பாரத்தைப் பின்பக்கம் வையுங்கள். ஏனெனில் சரிவில் பின்பக்கமே மேலே நிற்கிறது. அங்குள்ள பாரம் அதிக உயரம் இறங்கி, அதிக வேகம் தரும். காரை விரல்மேல் நிறுத்திப் பாருங்கள்: பின் அச்சுக்கு ஓர் அங்குலம் முன்னால் சமனாக நின்றால் சரி. இன்னும் பின்னே போனால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். அச்சை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, கிராஃபைட் தூள் தடவுங்கள்.

தகப்பன்மாரே, ரம்பம் பிடிக்க மட்டும் கைகொடுங்கள். முழுவதும் நீங்களே செய்தால் கார் முந்தலாம். பிள்ளை கற்றது ஒன்றுமிராது.