மொய் நோட்டும் மன்றத்துக் கணக்கும்

கல்யாண வீட்டு மொய் மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பணத்தை எண்ணிப் பையில் போடுவார். மற்றவர் ஊர், பெயர், தொகை என்று நோட்டில் எழுதுவார். விருந்து முடிந்ததும் பையில் இருக்கும் பணமும் நோட்டின் கூட்டுத்தொகையும் ஒத்துவர வேண்டும். இதைச் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள்தான் நண்பர்களோடு சேர்ந்து நற்பணி மன்றம் தொடங்குகிறார்கள். ஆனால் அங்கே வசூல், செலவு, கணக்கு மூன்றும் பெரும்பாலும் ஒரே ஆளின் தலையில் விழுகின்றன.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டது. மறு ஆண்டே பேராவூரணிப் பெரியகுளத்தை அந்த வட்டார இளைஞர்கள் முன்னின்று தூர்வாரினார்கள். ஏரி வேலை என்று இறங்கினால் பொக்லைன் வாடகை, டீசல், ஆட்கூலி, சாப்பாடு என்று பணம் கைமாறிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட வேலையைக் கையில் எடுக்கும் சிறு குழு, முதல் ரூபாயை வாங்கும் முன்பே சில ஏற்பாடுகளைச் செய்துகொள்வது நல்லது.

முதல் வேலை, பணத்தைத் தனியே பிரிப்பது. பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு நன்கொடை வந்தால் அது அவருடைய வீட்டுச் செலவோடு கலந்துவிடும். பிறகு வருமான வரித் துறை கேட்டாலும் ஊர் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவுச் சான்று, பான் அட்டை, கணக்கு தொடங்கும் தீர்மானம் ஆகியவற்றோடு வங்கிக்குப் போகலாம். அதுவரை காத்திருக்க முடியாத குழு, இரண்டு உறுப்பினர் பெயரில் கூட்டுக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதில் மன்றப் பணத்தைத் தவிர வேறெதையும் போடாமல் இருக்கலாம். எந்தக் கணக்கானாலும் பணம் எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும் என்று வைத்துக்கொள்வது பொருளாளருக்கே பாதுகாப்பு.

அடுத்தது ரசீது. வரிசை எண் அச்சிட்ட, கார்பன் நகல் உள்ள ரசீதுப் புத்தகம் ஒன்று போதும். நூறு ரூபாய் கொடுத்தவருக்கும் ரசீது உண்டு. தவறாக எழுதிய ரசீதைக் கிழித்துப் போடாமல், குறுக்கே கோடிட்டு ‘ரத்து’ என்று எழுதிப் புத்தகத்திலேயே விட வேண்டும். ஓர் எண் விடுபட்டாலும் ஊரில் பேச்சு எழும்.

இனி தினசரி ரொக்க நோட்டு. மன்றத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் கையிருப்பு 3,200 ரூபாய். ஊர்ப் பெரியவர் ஒருவர் 1,500 தருகிறார். டீசலுக்கு 2,100, டீக்கும் வடைக்கும் 460 செலவாகின்றன. மாலையில் 2,140 இருக்க வேண்டும். எண்ணினால் 2,090 தான் இருக்கிறது. 50 ரூபாய் குறைகிறது. தன் சட்டைப் பையிலிருந்து 50 ரூபாயைப் போட்டுச் சரிக்கட்டப் பொருளாளருக்குத் தோன்றும். அப்படிச் செய்யவே கூடாது. ‘குறைவு 50’ என்று எழுதிவிட்டுக் குழுவில் கேட்க வேண்டும். மண்வெட்டிக்குக் காம்பு வாங்கிவிட்டுச் சொல்ல மறந்தவர் அங்கேயே நிற்பார். ஒரு வாரம் போனால் அவருக்கே நினைவிருக்காது. அதனால்தான் அன்றைய கணக்கை அன்றே முடிக்கச் சொல்கிறார்கள். பணத்தை வைத்திருப்பவர் ஒருவர், நோட்டு எழுதுபவர் இன்னொருவர் என்ற மொய் மேசை வழக்கமும் இங்கே தவறக்கூடாது.

செலவுக்குப் பில் வாங்க வேண்டும். டீக்கடையில் பில் கிடைக்காது, கூலியாட்களிடமும் கிடைக்காது. அங்கெல்லாம் தேதி, காரணம், தொகை எழுதிய வவுச்சரில் பணம் பெற்றவரின் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக்கொள்ளலாம். ஒரே ஆளுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் கூலி கொடுத்தால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். மரக்கன்றுக்கென்று வந்த பணத்தை டீசலுக்குத் திருப்புவதாக இருந்தால், கொடுத்தவரைக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

மாதம் ஒருமுறை பாஸ்புக்கையும் நோட்டையும் பக்கத்தில் வைத்து வரிவரியாக டிக் அடித்தால், விட்டுப்போனவை அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பதிவு பெற்ற சங்கம் மார்ச் 31-இல் கணக்கை முடித்து, ஆறு மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். இதைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பிறகு அலையும் மன்றங்கள் ஏராளம்.

சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் உதவ முன்வரும்போது நிதானம் தேவை. இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளலாம். அவர் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால் கதையே வேறு. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி பெறாமல் அவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. வயதில் மூத்த அண்ணன் ஆசையோடு அனுப்புகிறார், எப்படி மறுப்பது என்று தயங்கினால் மொத்த மன்றமும் சிக்கலில் மாட்டும். 80ஜி வரிச்சலுகை பெற்ற அமைப்பு என்றால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தருபவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இளைஞர் குழுக்களுக்கே உரிய இன்னொரு சிக்கல், பொருளாளருக்கு வேலை கிடைத்துவிடுவது. அவர் மகிழ்ச்சியோடு சென்னைக்கோ கோவைக்கோ பஸ் ஏறும் முன், மூன்று பேர் முன்னிலையில் ரொக்கத்தை எண்ணி, நோட்டின் கடைசி வரியின் கீழ் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். ரசீதுப் புத்தகங்களும் பயன்படுத்தாத காசோலைகளும் எண் வாரியாகப் புதியவர் கைக்குப் போக வேண்டும். தீர்மானம் போட்டு வங்கியில் கையெழுத்தை மாற்றும்போது, கணக்கோடு இணைந்த செல்போன் எண்ணையும் அதே நாளில் மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓடிபி ஒவ்வொரு முறையும் பழையவருக்கே போய்க்கொண்டிருக்கும்.