விதி எண்ணோடு கேள்

பனமலை,
12.02.2022

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. அம்மா நலம். சர்க்கரை மாத்திரையை இப்போது நானே எண்ணிக் கொடுக்கிறேன், கவலைப்படாதே. போனில் நீ அழுதபோது எனக்குப் பதில் வரவில்லை. தாலுகா ஆபீஸில் பழகிய கை. எழுதினால்தான் யோசனை ஓடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, லதா மங்கேஷ்கர் மறைந்துவிட்டார் என்று டி.வி.யில் பாட்டாகப் போட்டுக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் அமைச்சர் ஜிதேந்திர சிங் அறிவித்தார்: மறுநாள் முதல் உன்னைப் போன்ற மத்திய அரசு ஊழியர் எல்லோரும் அலுவலகம் வர வேண்டும், எந்த நிலையில் இருப்பவருக்கும் விலக்கு இல்லை. ஜனவரி 3-ஆம் தேதி உத்தரவில் சார்புச் செயலாளருக்குக் கீழே உள்ளவர்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்றிருந்தது. முதலில் ஜனவரி கடைசி வரை. பிறகு பிப்ரவரி 15 வரை என்று நீட்டினார்கள். அந்த 15-ஆம் தேதி வருவதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். மூன்று வயதுப் பிள்ளையை யாரிடம் விடுவது என்பது ஒரு ராத்திரியில் முடிகிற ஏற்பாடா? உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதை நான் தணிக்கப் போவதில்லை.

ஆனால் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்தக் காகிதங்களை வரிசையாக எடுத்துப் படி. 2020 மார்ச் 19-இல் வந்த முதல் உத்தரவிலிருந்து எல்லாமே கொரோனாவுக்காகத் தற்காலிகமாகத் தந்த தளர்வுதான். வருகைக்குக் கைரேகை வைப்பதைக் கூட நிறுத்தி வைத்தார்களே தவிர எடுத்துவிடவில்லை; 2021 நவம்பர் 8-லேயே திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்தத் தளர்வு நிலைக்காது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. 2020 மே மாதம், வருஷத்துக்கு 15 நாள் வீட்டிலிருந்து பணி செய்யலாம் என்று ஒரு வரைவைச் சுற்றுக்கு விட்டார்கள். அதுவும் உன் கைக்கு விதியாக வந்து சேரவில்லை. நீ இந்த இரண்டு வருஷத்தில் வாய்த்தபோதெல்லாம் இங்கே மாடி அறையில் உட்கார்ந்து, மலைப் பக்கத்து ஜன்னலில் சிக்னல் பிடித்து வேலை பார்த்தாய். அதை நிலையான ஏற்பாடு என்று மனசு நம்பிவிட்டது. அரசு வேலையில் எழுதி வைக்காத சலுகையில் குடியிருக்கக் கூடாது, பாப்பா. (தலைமையிடத்தை விட்டு ஊருக்கு வர அனுமதி வாங்கினாயா என்று நான் இதுவரை கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.)

அதனால் சலுகை போய்விட்டது என்று வருந்துவதை விட்டு, விதியில் என்ன இருக்கிறது என்று பார். மத்திய குடிமைப் பணி விடுப்பு விதிகள், 1972. அதில் 43-சி. குழந்தைப் பராமரிப்பு விடுப்பு, பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், மீதிக்கு 80 சதவீதம். பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகிற வரை எடுக்கலாம். ஒரு வருஷத்தில் மூன்று தடவைக்கு மேல் கிடையாது, ஒரு தடவைக்கு ஐந்து நாளுக்குக் குறையவும் கூடாது. ஆகவே ஒரு நாள் காய்ச்சலுக்கு இதைத் தொடாதே. அதற்கு உன் எட்டு நாள் தற்செயல் விடுப்பு (சி.எல்.) இருக்கிறது. இப்போது ஒரு தடவை எடுத்துப் பிள்ளைக்குச் சென்னையில் நல்ல இடம் பார்த்துப் பழக்கு. மற்ற இரண்டையும் மழைக்காலம், பிள்ளையின் உடம்பு இதையெல்லாம் பார்த்து வைத்துக்கொள். எல்லாவற்றையும் இப்போதே தீர்த்துவிடாதே. பத்தாம் வகுப்புப் பரீட்சை என்று ஒன்று வரும், அப்போது நீ தேவைப்படுவாய்.

லீவு என்பது உரிமையாகக் கேட்கக் கூடியதல்ல, மேலதிகாரி அனுமதிக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. உன் செக்‌ஷனில் யாராவது அதைத்தான் முதலில் சொல்வார்கள். சொல்லட்டும். ‘சார், ரொம்பக் கஷ்டமா இருக்கு’ என்று வாயால் கேட்டால் ‘பார்க்கலாம்மா’ என்று ஒரு பதில் வரும், அத்தோடு முடிந்தது. விதி எண், தேதி, பிள்ளையின் பிறப்புச் சான்று, நீ இல்லாதபோது உன் ஃபைலை யார் பார்ப்பார் என்ற ஏற்பாடு, இவ்வளவும் வைத்து எழுதிக் கொடுத்தால், மறுப்பவர் காரணம் எழுத வேண்டியிருக்கும். காரணம் எழுத எந்த அதிகாரிக்கும் பிடிக்காது. கையெழுத்துப் போடுவது அவருக்கு அதைவிடச் சுலபம். நான் அந்த நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன், தெரிந்துதான் சொல்கிறேன்.

வீட்டிலிருந்து வேலை என்ற கோரிக்கையையே விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைக்காதே. அந்த 15 நாள் வரைவு நல்ல வரைவு. அதைச் சங்கத்தின் மூலமாகக் கேளுங்கள். கையில் சான்றும் இருக்கிறது: இ-ஆபீஸில் ஒவ்வொரு ஃபைலும் யாரிடம் எப்போது வந்தது, எப்போது போனது என்று அதுவே குறித்து வைத்திருக்கிறது. நீங்கள் வீட்டிலிருந்த மாதங்களில் எத்தனை நாளில் ஃபைல் நகர்ந்தது, அதற்கு முந்தைய வருஷம் எத்தனை நாள் ஆனது என்று பட்டியல் போடுங்கள். பட்டியல் உங்களுக்குச் சாதகமாக வரவில்லை என்றால் அதையும் தெரிந்துகொள்வது நல்லது. நம் ஏரிக்கு நந்தன் கால்வாயில் தண்ணீர் வர வேண்டும் என்று இந்த ஊர்க்காரர்கள் எத்தனை காலம் மனு கொடுத்தார்கள் என்பதை நீ சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்திருக்கிறாய். கலெக்டர் மாறுவார், ஆட்சி மாறும், அடுத்த வாரமும் மனுவோடு போய் நிற்பார்கள். அப்படித்தான் விடாமல் கேட்க வேண்டும்.

உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ‘எல்லோரும் சேர்ந்து வராமல் இருந்துவிடுவோம்’ என்று யாரோ போட்டதாகச் சொன்னாயே, அதில் மட்டும் தலையாட்டாதே. 2003 ஜூலையில் நம் மாநிலத்தில் வேலைநிறுத்தம் செய்த ஏறக்குறைய 1,70,000 பேரை வேலையை விட்டு எடுத்தார்கள். வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் எஸ்மா, டெஸ்மா சட்டங்களைப் பற்றி வீட்டுப் பெண்கள் கூடப் பேசிய காலம் அது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமையே கிடையாது என்றது. பெரும்பாலானோரைப் பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த வாரங்களில் அந்தந்த வீடுகளில் அடுப்பு எரிந்த விதத்தை நான் பார்த்தேன். அந்தத் தீர்ப்பு எனக்கு இன்றைக்கும் உடன்பாடில்லை, அது வேறு விஷயம்.

இன்னொன்று சொன்னால் உனக்குக் கசக்கும். வீட்டிலிருந்து பார்ப்பது எல்லோருக்கும் வாய்த்த கொடுப்பினை அல்ல. நம் மாநில அரசு 2020 செப்டம்பர் 1-லேயே தன் ஊழியர் அத்தனை பேரையும் அலுவலகம் வரச் சொல்லிவிட்டது. அதற்கு முன்னாலும் நர்சம்மா, துப்புரவுப் பணியாளர், வி.ஏ.ஓ. இவர்கள் ஒரு நாளும் வீட்டில் இருக்கவில்லை. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தை நிறுத்தி மனுப் பெட்டி வைத்த காலத்தில், பெட்டிக்குள் தாளைப் போட்டுவிட்டு, யாராவது வந்து ‘என்னம்மா’ என்று கேட்பார்களா என்று நின்ற கிழவிகள் இருந்தார்கள். உன் வேலையில் மனுதாரர் முகம் தெரியாது. அதனால் உனக்கு இது பொருந்தாது என்று நீ சொல்லலாம். பாதி பொருந்தும். உன் செக்‌ஷனுக்கு 2020-க்குப் பிறகு சேர்ந்த பசங்கள் நோட் எழுதுவதை யாரிடம் கற்றார்கள்? பக்கத்து மேசைக்காரர் ‘இந்த வரி வேண்டாம், ஆடிட்டில் மாட்டும்’ என்று பேனாவால் அடித்துக் காட்டுவாரே, அது போனில் நடக்காது. உனக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். இப்போது அந்தப் பசங்கள் பக்கம் கொஞ்சம் நாற்காலியைத் திருப்பு.

மாப்பிள்ளை விஷயம். அவர் கம்பெனி இன்னும் வீட்டிலிருந்தே பார்க்கச் சொல்கிறது, நான் மட்டும் பஸ்ஸில் நசுங்க வேண்டுமா என்று கேட்டாய். இதில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. வீட்டில் ஒரு ஆள் இருப்பது நல்லதுதானே? மத்தியானம் பிள்ளைக்குச் சோறு ஊட்ட அவருக்கும் கை இருக்கிறது. மீட்டிங் இல்லாத நேரம் எது என்று கேட்டுத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டு. அவரிடம் நான் பேச வேண்டுமென்றால் சொல், பேசுகிறேன்.

ஊரிலிருந்தே தினமும் போய்வரலாமா என்ற யோசனையை விடு. விழுப்புரம் போய் ரயிலைப் பிடித்து எழும்பூரில் இறங்குவதற்குள் பாதி உயிர் போய்விடும். அம்மாவுக்கு நான் இருக்கிறேன்.

வருகிற வாரம் அவளுக்குக் கண் பரிசோதனை, விழுப்புரத்துக்கு நானே கூட்டிப் போகிறேன். அதற்கென்று நீ சி.எல். போடாதே. பிள்ளையின் பிறப்புச் சான்று நகல் இரண்டு உன் பீரோவில் இருந்தது, இதோடு வைத்திருக்கிறேன். விண்ணப்பத்தை எழுதியதும் கொடுப்பதற்கு முன்னால் எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு, படித்துப் பார்க்கிறேன்.

உன் மாமா