நியூட்ரலில் இறங்கினால் மிச்சமா?

சென்னையிலிருந்து விடியற்காலையில் குடும்பத்தோடு காரில் புறப்பட்டு, ஏலகிரி மலையைப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்ப விரும்புகிறவர்கள் செலவைக் குறைக்க வழி கேட்கும்போதெல்லாம், மலையிலிருந்து இறங்குகையில் கியரை நியூட்ரலில் போட்டுவிட்டால் வண்டி தானாகவே உருண்டு வரும், பெட்ரோல் மிச்சம் என்று யாராவது ஒருவர் உபதேசம் செய்வதை நான் சலிக்கச் சலிக்கக் கேட்டுவிட்டேன். முப்பது ஆண்டுகள் மோட்டார் யந்திரவியல் போதித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது பொய், அதிலும் பிராணாபாயமான பொய்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு பூர்வகதை உண்டு. கார்புரேட்டர் பொருத்திய பழைய வண்டிகளில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் சுழலும் எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருந்ததால், அக்காலத்து டிரைவர்கள் கியரை விடுவித்ததில் ஓரளவு நியாயம் இருந்தது. இன்றைய கார்களிலோ எரிபொருளை அளந்து பீய்ச்சுவது ஒரு மின்னணுச் சாதனம். கியரில் இறங்கும் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை விட்ட மாத்திரத்தில், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன என்று கண்டு, அது எரிபொருளை அடியோடு நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டால் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் உள்ள சம்பந்தம் அறுந்துபோக, எஞ்சின் அணையாமல் இருப்பதற்கென்றே மணிக்கு ஏறக்குறைய அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை செலவாகிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடிக்க அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் கால் லிட்டராவது வீணாகிவிடும். மிச்சம் பிடிக்கப் போனவர் நஷ்டத்தோடு வருகிறார்.

பணம் போவது கிடக்கட்டும். கீழ் கியரில் இறங்கும் வண்டியை எஞ்சினே இழுத்துப் பிடிக்கிறது. நியூட்ரலில் இறங்கும் வண்டியின் பாரம் முழுவதையும் பிரேக் ஒன்றே சுமக்க, வளைவுக்கு வளைவு மிதிபட்டு அது சூடேறி, பிடிப்பு தளர்ந்து, பிரேக் எண்ணெயும் கொதிக்கத் தொடங்குமானால், பெடல் தரையைத் தொட்டாலும் வண்டி நிற்காது. இன்னும் சில மகாபுத்திசாலிகள் எஞ்சினையே அணைத்துவிடுகிறார்கள். பிரேக்குக்குத் துணை நிற்கும் வெற்றிட விசை சில மிதிகளில் தீர்ந்துபோகும், ஸ்டியரிங்கும் கல்லாய்க் கனக்கும் என்பதை அவர்கள் அறிவதில்லை. ஐந்து உயிர்களை ஏற்றிக்கொண்டு இருபத்தைந்து ரூபாய்க்காகச் செய்யும் காரியமா இது? எந்த கியரில் ஏறினீர்களோ, அந்த கியரிலேயே இறங்குங்கள். இது பழைய டிரைவர்களும் ஒப்புக்கொள்ளும் விதி.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு வார்த்தை வேண்டியதில்லை.

அதிகாலைக் குளிரில் பெட்ரோல் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பார்கள். பங்க்கின் தொட்டி பூமிக்கு அடியில் இருக்கிறது. அங்கே காலைக்கும் மாலைக்கும் உஷ்ண பேதம் சொற்பம்.

கோடையில் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்பார்கள். காற்றுக் குறைந்த டயர்தான் நசுங்கி நசுங்கிச் சூடேறி வெடிக்கிறது. பெட்ரோலையும் அதிகம் குடிக்கிறது. கம்பெனி குறித்த அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது சரிபாருங்கள்.

நெடுஞ்சாலையில் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்தால் லாபம் என்பார்கள். வேகமாகப் போகும்போது உள்ளே புகும் காற்றே வண்டியைப் பின்னுக்கு இழுப்பதால், அந்த லாபத்தில் ஒரு பகுதி கரைந்துவிடும்.

மெய்யான சிக்கனம் எந்த ஊருக்குப் போவது என்று தீர்மானிப்பதில்தான் ஆரம்பமாகிறது. ஏலகிரிக்குப் போய்வரச் சுமார் 460 கிலோமீட்டர். உத்திரமேரூருக்குப் போய்வரச் சுமார் 180. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்குப் பத்து லிட்டர் போதும். லிட்டர் நூறு ரூபாய் என்றாலும், ஐவர் பகிர்ந்துகொண்டால் தலைக்கு 200 ரூபாய்தான். பனிக்காலமானால், வழியில் வேடந்தாங்கல் பறவைகளையும் தரிசிக்கலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில், குடவோலை முறையில் ஊர்ச்சபையின் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதற்கு வகுத்த விதிகளை உத்திரமேரூரின் கோயில் சுவரில் இன்றும் காணலாம். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர்களுக்கும் அவர்களுடைய நெருங்கிய உறவினர்களுக்கும் மீண்டும் இடமில்லை என்பது அவற்றுள் ஒன்று. கணக்கின் அருமையை நம் குழந்தைகளுக்குக் கற்பிக்க அதைவிடச் சிறந்த பாடசாலையை நான் அறியேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்களை அங்கே அழைத்துச் செல்லுங்கள். மலைக்குத்தான் போவதென்று பிடிவாதமாக இருந்தால், தயவுசெய்து கியரில் இறங்கி வாருங்கள்.